கழலாத கிராங்க் புல்லி: எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்துக் கழற்றும் முறை

முன்பக்க ஆயில் சீல் ஒழுகும், இல்லையென்றால் டைமிங் பெல்ட்டுக்கு வயதாகியிருக்கும். எந்த வேலையாக இருந்தாலும் வழியை மறித்து நிற்பது, எஞ்சினின் கிராங்க் முனையில் உட்கார்ந்து பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லிதான். அது வந்துவிட்டால் அரை நாள் வேலை. வராவிட்டால் இரண்டு நாள். வராததை அடித்து எடுக்கப் போனால் டைமிங் கவர், ஆயில் பம்ப், கிராங்க் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

"அண்ணே, புல்லி வரமாட்டேங்குது" என்று பட்டறையில் யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "போல்ட் வரலையா, புல்லி வரலையா?" கூப்பிட்ட பையன் பாதி நேரம் அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவான். போல்ட் மரையில் பிடித்திருந்தால் வைத்தியம் வேறு, புல்லியின் நடுக்குழல் கிராங்க் முனையில் துருவோடு ஒட்டியிருந்தால் வேறு, கீயில் (புல்லி கிராங்கில் வழுக்காமல் இருக்கப் பள்ளத்தில் சொருகிய சிறு இரும்புத் துண்டு) சிக்கியிருந்தால் அது இன்னொன்று. பிடி எங்கே என்று தெரியாமல் பலத்தைக் கூட்டினால், பிடித்த இடம் விடாது, பக்கத்தில் இருப்பதுதான் உடையும். அதனால் இந்தக் கட்டுரையை அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்கள் வண்டியில் இப்போது என்ன நடக்கிறதோ, அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடுவதற்கு முன்: துடையுங்கள், அப்புறம் பாருங்கள்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கினால் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி நீளக் கம்பியை இழுக்காதீர்கள், இழுக்கிற இழுப்பில் வண்டி நகரும். முன் சக்கரத்தையும் உள் மட்கார்டையும் எடுத்துவிட்டால் புல்லி நேராகக் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு வயர் பிரஷ், மண்ணெண்ணெய், துணி. புல்லியின் முகத்தைப் பளிச்சென்று துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது, இது எந்த வகையில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதை.

சில எஞ்சின்களில் புல்லி நேரடியாகக் கிராங்கில் உட்காராது. பின்னால் இருக்கும் டைமிங் பல்சக்கரத்தோடு சுற்றிலும் சிறு போல்ட்களால் கட்டியிருப்பார்கள். ஜிப்ஸி, எஸ்டீம் போன்றவற்றில் வந்த சுசுகி ஜி வகை எஞ்சின்கள் அப்படி. அங்கே புல்லியை எடுக்க நடு போல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. இதைத் தெரியாமல் நடு போல்ட்டோடு மல்லுக்கட்டி மதியத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகை, நடுவில் ஒரே பெரிய போல்ட், உள்ளே ஒரு கீ. நம் சாலையில் ஓடும் கார்களில் இதுவே அதிகம். போல்ட் போனதும் புல்லி கையாலேயே வர வேண்டும், வராவிட்டால் காரணம் துரு அல்லது கீ. மூன்றாவது, நடுத்துளையே கிராங்க் முனையைவிட ஒரு மயிரிழை சிறியது, அழுத்தித்தான் ஏற்றியிருப்பார்கள். அமெரிக்க வி8 எஞ்சின்களின் டாம்பர் (அதிர்வை அடக்கும் புல்லி) பெரும்பாலும் இந்த வகை. இது துருப்பிடிக்காமல் புதிதாக இருந்தாலும் புல்லர் (திருகை இறுக்கி இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் வராது.

நான்காவது வகைதான் ஆளை ஏமாற்றும். இதில் கீ கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கம் மட்டுமே புல்லியையும் அதன் பின்னால் உள்ள டைமிங் பல்சக்கரத்தையும் கிராங்கோடு பிடித்து வைத்திருக்கும். மாஸ்டா எல் வகையும், அதே குடும்பத்து ஃபோர்டு டுராடெக் 2.0, 2.3 எஞ்சின்களும் இப்படி. போல்ட்டை லூஸ் செய்த நொடியில் வால்வு டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரக் கணக்கு) போய்விட்டது என்று அர்த்தம். கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் அதற்குரிய பின், தகடு போட்டுச் சரியான நிலையில் நிறுத்தும் வசதி கையில் இல்லையென்றால் இந்த வகையைத் தொடாதீர்கள். எது எந்த வகை என்று அந்த எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மரை எந்தப் பக்கம் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் வழக்கமான வலது மரைதான், ஆனால் இடது மரை போட்ட எஞ்சின்களும் உண்டு. அங்கே நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. புல்லியின் நடுக்குழலுக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் கறுப்பாக ரப்பர் வளையம் தெரிகிறதா? தெரிந்தால் அது வெறும் புல்லி இல்லை, டாம்பர். சிலிண்டர் ஒவ்வொன்றும் வெடிக்கும்போது கிராங்க் நூலிழை அளவு முறுக்கித் திரும்பும். அந்த முறுக்கதிர்வை வெளி வளையத்தின் எடையும் ரப்பரும் சேர்ந்து அடக்குகின்றன. அந்த ரப்பர் பிய்ந்தால் புல்லி போனது போலத்தான். எனவே இழுப்பு, அடி, சூடு எதுவானாலும் நடுக்குழலில் மட்டும் விழ வேண்டும், வெளி வளையத்தில் விழக்கூடாது.

அறிகுறி: போல்ட்டைத் திருப்பினால் எஞ்சினே சேர்ந்து சுற்றுகிறது

கையால் கியர் போடும் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். முதல் கியர்தான் இறுக்கிப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. முதல் கியரில் கிராங்கின் முறுக்கு பல மடங்காகிச் சக்கரத்துக்குப் போகும், பிரேக் அதைத் தாங்காமல் வழுக்கும். டாப் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறைவு, பிரேக் பிடித்து நிற்கும்.

தானியங்கி கியர் வண்டிக்கு இது பலிக்காது. டார்க் கன்வெர்ட்டர் வழியே எஞ்சின் நழுவிவிடும். அங்கே ஃப்ளைவீல் பற்களைப் பிடிக்க வேண்டும். கியர்பாக்ஸின் கீழ் மூடியையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ எடுத்துவிட்டு, ரிங் கியர் பல்லில் பதியும் பூட்டுக் கருவியைப் போல்ட் போட்டு நிறுத்துங்கள். பெரிய ஸ்க்ரூ டிரைவரைச் சொருகிப் பிடிப்பது நம் பட்டறைகளில் வழக்கம்தான். ஆனால் அது நழுவினால் பல் மூளியாகும், பிடித்திருப்பவரின் கை நசுங்கும். நான் அதை விட்டுப் பல வருடமாகிறது.

பல ஹோண்டா புல்லிகளின் முகத்திலேயே 50 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும். அதற்கென்று வரும் பிடிகருவியைச் சொருகி, அதன் கைப்பிடியை ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து, நடுவில் சாக்கெட்டை விட்டுத் திருப்பலாம். இவ்வளவு சுத்தமான ஏற்பாடு வேறெதிலும் இல்லை. சில புல்லிகளில் முகத்தில் துளைகள் இருக்கும். இரண்டு போல்ட் மாட்டிய நீளப் பட்டையை லேத்துப் பட்டறையில் செய்துகொண்டால் அதே வேலையைச் செய்யும்.

கேம் பல்சக்கரத்தைப் பிடிக்கக் கூடாது. டைமிங் பின்களை நம்பி இழுக்கவும் கூடாது. அந்தப் பின்கள் நிலையைக் காட்டத்தான் இருக்கின்றன, முறுக்கைத் தாங்க இல்லை. பின் முறிந்தால் பின் விலையோடு போகாது, அது உட்கார்ந்திருந்த துளையும் கிழியும்.

கம்பியைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிவிடும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கம்பி தெறித்தால் ரேடியேட்டர் போகும், கால் முட்டி போகும். அதோடு எஞ்சின் சுற்றும் திசையும் ஒரு கணக்கு. பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும். பழைய ஹோண்டா டி, பி வகை எஞ்சின்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை. 1998-இல் இங்கே வந்த முதல் தலைமுறை சிட்டியில் இருந்தது டி வகைதான். அதில் ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் கழலாது, இன்னும் இறுகும். என் பட்டறையில் இந்த முறைக்கு இடமில்லை.

அறிகுறி: எஞ்சின் அசையாமல் நிற்கிறது, போல்ட் திரும்பவே இல்லை

இந்த இறுக்கம் எவ்வளவு என்று முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோண்டா கே வகை எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் போல்ட்டின் இறுக்க அளவு 245 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கம்பியின் நுனியில் 50 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. புதிதில் இருந்த நிலை அவ்வளவு. பத்து வருடச் சூடும் மழையும் சேர்ந்தால் கழற்றுவதற்கு அதைவிட அதிகம் கேட்கும். அரை அடி ஸ்பேனரை வைத்துக்கொண்டு "வரவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஆறு முனை சாக்கெட், பன்னிரண்டு முனை கூடாது. முடிந்தால் முக்கால் இன்ச் சதுரம். ஏர் கன்னில் (காற்றழுத்தத்தில் அடித்து அடித்துத் திருப்பும் கருவி) போடுவது கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்கட்டும். குரோம் பூசிய மினுமினுப்புச் சாக்கெட் அந்த அடியில் வெடித்துச் சிதறும். நீளக் கம்பியும் எக்ஸ்டென்ஷனும் போட்டால், எக்ஸ்டென்ஷனின் வெளி முனைக்குக் கீழே ஒரு ஸ்டாண்டை வைத்துத் தாங்குங்கள். இந்தச் சின்ன விஷயத்தைப் பலர் செய்வதில்லை. தாங்கல் இல்லாவிட்டால் நீங்கள் இழுக்கும் பலத்தில் ஒரு பகுதி சாக்கெட்டைச் சாய்க்கவே செலவாகும், போல்ட் தலையும் அங்கேதான் வழுக்கும். ஸ்டாண்டு வைத்தபின் ஒரு மீட்டர் பைப்பில் உடல் எடையைச் சாய்த்தால் 500 நியூட்டன் மீட்டர் பக்கம் வந்துவிடும். குதிக்காதீர்கள், சீராகச் சாயுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? போல்ட் தலையின் நடுவில் பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் ஐந்தாறு முறை தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். கிராங்க் முன்பின் நகராமல் பிடித்திருப்பது மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள்தான், அந்த அடி நேராக அவற்றில் போய் விழும். அப்புறம் கழற்றும் திசைக்கு முன்னால் ஒரு சிறு இழுப்பு இறுக்கும் திசையில் கொடுங்கள். மரையில் ஒட்டிய துரு ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கம் எளிதாக விடும்.

மரையில் பசை போட்டிருந்தால் கதை வேறு. சிவப்பு நிற லாக் பசைகளில் வலுவானவை ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில்தான் இளகும். எண்ணெய் விட்டு ஊறவைப்பது அங்கே வீண். போல்ட் தலையை மட்டும் குறுகிய தீயால் சூடாக்கி, சூடு இருக்கும்போதே திருப்ப வேண்டும். அதற்கு முன் எண்ணெய் ஸ்பிரே ஏதாவது அடித்திருந்தால் முழுதாகத் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் குழாய் அருகில் போகிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே பற்றவையுங்கள். ரப்பர் வளையம் உள்ள டாம்பரில் பசை விடும் அளவுக்குச் சூடு ஏற்றினால் ரப்பர் தப்பிக்காது, புது டாம்பருக்கும் புது சீலுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

அறிகுறி: போல்ட் தலை வழுக்குகிறது

முதல் வழுக்கலிலேயே நிறுத்துங்கள். இரண்டாவது வழுக்கலுக்குப் பிறகு வேலை மூன்று மடங்கு. ஒரு அளவு சிறிய ஆறு முனைச் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். பெரும்பாலும் பிடிக்கும். பிடிக்காவிட்டால் தலையின் மேல் பெரிய நட் ஒன்றை வைத்து, நட்டின் நடுத்துளையை வெல்டிங்கால் நிரப்புங்கள். அந்தச் சூடே மரையை இளக்கிவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, எர்த் கிளிப்பைப் போல்ட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் மாட்டுங்கள். தூரத்தில் பாடியில் மாட்டினால் கரண்ட் கிராங்க் பேரிங்குகள் வழியே பாயும்.

அறிகுறி: போல்ட் வந்துவிட்டது, புல்லி இம்மிகூட அசையவில்லை

இங்கேதான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். போல்ட் வந்த மகிழ்ச்சியில் இரண்டு பக்கமும் நெம்புகோலைச் சொருகிவிடுவார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில் அலுமினிய முன் கவருக்குள்ளேயே ஆயில் பம்ப் இருக்கும். நெம்பினால் கீறல் விழுவது அதில்தான். சிலவற்றில் புல்லியின் பின்புறமே கிராங்க் சென்சார் படிக்கும் பல்வளையம் இருக்கும். அதில் ஒரு பல் வளைந்தால், வேலை முடிந்தபின் ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் அம்பாசடர்தான் அதிகம் வரும். அதில் புல்லியைப் பிடித்திருப்பது சாதாரணப் போல்ட் இல்லை. கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்யும் டாக் நட், அதன் அடியில் மடித்துவிட்ட லாக் வாஷர். ஒருநாள் நட்டை எடுத்துவிட்டேன், புல்லி வரவில்லை. கடப்பாரை மாதிரி ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரி அதைக் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "தம்பி, கீ எந்தப் பக்கம் இருக்கு பாரு" என்றார். பார்த்தேன், கீழே இருந்தது. "மேல கொண்டா" என்றார். எஞ்சினை அரைச் சுற்று சுற்றி கீ பள்ளத்தை மணி பன்னிரண்டு நிலைக்குக் கொண்டுவந்தேன். எண்ணெய்க் குடுவையை எடுத்து அந்தப் பள்ளத்தின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கு நடுவே எண்ணெய் உள்ளே இறங்க இருக்கும் ஒரே வாசல் அந்தக் கீ பள்ளம்தான். அது கீழே இருந்தால் விடும் எண்ணெய் எல்லாம் தரைக்குப் போகும். மேலே இருந்தால் குழலின் முழு நீளத்துக்கும் இறங்கி, இரண்டு பக்கமும் பரவும். இன்றைக்கும் எந்தப் புல்லியானாலும் நான் முதலில் செய்வது இதுதான்.

எண்ணெய் என்றால் துரு இளக்கும் எண்ணெய். எல்லாப் பட்டறையிலும் இருக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் வந்த கலவை, பெயரில் உள்ள டபிள்யூடி என்பதற்கே ஈரத்தை விரட்டுவது என்றுதான் பொருள். லேசான துருவுக்குப் போதும். நன்றாகப் பிடித்ததற்கு அதற்கென்றே விற்கும் இளக்கி வேண்டும். விட்டதும் உடனே இழுக்காதீர்கள். மாலையில் விட்டு, நடுக்குழலைச் சுற்றிலும் சிறு சுத்தியலால் மென்மையாகத் தட்டி, மறுபடி விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். தட்டும்போது ஓசையைக் கவனியுங்கள். ஒட்டியிருக்கும் புல்லி எஞ்சினோடு சேர்ந்து 'ணங்' என்று கனமாக ஒலிக்கும். விட ஆரம்பித்ததும் ஓசை மெலிந்து தட்டையாகும். காது பழக நாளாகும், பழகிவிட்டால் புல்லரைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.

அடுத்து புல்லர். புல்லியின் முகத்தில் மரை போட்ட துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல டொயோட்டா எஞ்சின்களில் எம்8 மரைத் துளை இரண்டு இருக்கும், இழுப்பதற்கென்றே கொடுத்தவை. ஸ்டீயரிங் கழற்றும் தட்டையான புல்லர் அவற்றுக்குச் சரியாகப் பொருந்தும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக்கூடாது. மரைக்குள் குறைந்தது 12 மி.மீ. இறங்க வேண்டும், ஆனால் மறுபக்கம் வெளியே நீட்டவும் கூடாது. நீளமான போல்ட்டைத் திருகிக்கொண்டே போனால் அது பின்னால் இருக்கும் கவரைக் குத்தி ஓட்டை போடும், நீங்கள் புல்லி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். துளையின் ஆழத்தை ஒரு கம்பி விட்டு அளந்த பிறகே போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இருந்தால் புல்லி கோணலாக இழுபட்டு இன்னும் சிக்கும்.

துளையே இல்லாவிட்டால் கால் புல்லர். அதன் கொக்கிகள் நடுக்குழலின் பின்னாலோ, குழலையும் வளையத்தையும் இணைக்கும் ஆரங்களின் பின்னாலோ பிடிக்க வேண்டும். பெல்ட் ஓடும் விளிம்பில் மாட்டக் கூடாது.

புல்லரின் நடுத் திருகு எதை உந்தப் போகிறது? கிராங்கின் மரைத்துளை வாயில் நேராக வைத்தால் முதல் இரண்டு மூன்று மரை நசுங்கும், திரும்ப மாட்டும்போது போல்ட் ஏறாது. நான் செய்வது இது: கிராங்க் போல்ட்டை வாஷர் இல்லாமல் திரும்ப உள்ளே விட்டு, தலைக்கும் புல்லிக்கும் இடையில் 5 மி.மீ. இடைவெளி இருக்கும்படி நிறுத்துவேன். போல்ட்டின் தடிமன் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். புல்லர் திருகு அந்தத் தலையில் உட்காரும். மரைக்கு ஆபத்து குறைவு. பெரும் இறுக்கத்தில் இருக்கும் புல்லி திடீரென்று விட்டாலும் அந்தத் தலை தடுத்துவிடும், முகத்துக்கு வராது. 5 மி.மீ. நகர்ந்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் கையாலேயே வரும். புதுப் போல்ட் போடப்போகிறீர்கள் என்றால் இதற்குப் பழைய போல்ட்டையே பலியாக்கலாம்.

இப்போது இறுக்குங்கள். நன்றாகக் கனத்ததும் நிறுத்துங்கள். புல்லர் திருகின் தலையில் ஒரே ஒரு அடி, கூர்மையாக. மறுபடி கால் சுற்று. மறுபடி ஒரு அடி. அதற்குமேல் போகவில்லையென்றால் அந்த இறுக்கத்திலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். எண்ணெய்க்கு நேரம் வேண்டும், இழுப்பு தொடர்ந்து இருந்தால் அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நான் கல்லாப்பெட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் புல்லி விட்டிருக்கும். ஒன்றல்ல, பல முறை நடந்தது.

அப்படியும் வராவிட்டால் சூடு. எவ்வளவு சூட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் விரியும். 30 மி.மீ. துளை 100 டிகிரி ஏறினால் விரிவது 0.036 மி.மீ. கேட்கச் சின்ன எண், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். அதனால் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டிய தேவையே இல்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் நடுக்குழலை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறிச் சிதறும் பதம் வந்ததும் நிறுத்திப் புல்லரைத் திருப்புங்கள். வேகம் முக்கியம். மெதுவாகக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் கிராங்கும் சேர்ந்து சூடாகி விரிந்துவிடும், பலன் போய்விடும். டாம்பர் ரப்பரில் ஈரத்துணியைச் சுற்றிவிடுங்கள். பின்னால் உள்ள ஆயில் சீல் எப்படியும் மாற்ற வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரண்டு மி.மீ. வந்தது, அப்படியே நின்றுவிட்டது

ஒன்று கோணலாக வருகிறது, அல்லது கீயில் பிசிறு இருக்கிறது. புல்லியின் முகத்துக்கும் எஞ்சின் முகத்துக்கும் உள்ள இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கோணல். இன்னும் இழுக்காமல், மரத்துண்டை வைத்துத் தட்டித் திரும்ப உள்ளே தள்ளுங்கள். தள்ளி, எண்ணெய் விட்டு, மறுபடி நேராக இழுங்கள். வெளியே, உள்ளே, வெளியே என்று மூன்று நான்கு முறை போய்வந்தால் துருத்தூள் செம்மண் குழம்பு மாதிரி வெளியே வரும், பாதையும் தெளிவாகும். வந்தவரை லாபம் என்று விடாமல் இழுத்தால் கிராங்க் முனையில் நீளக் கீறல் விழும்.

இடைவெளி சமமாக இருந்தும் நின்றால் கீதான் காரணம். லூஸாக ஓடிய புல்லிகளில் கீயின் விளிம்பு மடங்கி, குழலின் பள்ளத்தில் கடித்துக்கொள்ளும். கழற்றும்போதே நடுக்குழல் வாயில் செந்நிறத் தூள் பவுடர் மாதிரி படிந்திருந்தால் அது இதற்கான அடையாளம். அங்கே புல்லியைச் சுற்றும் திசையில் முன்னும் பின்னும் சிறிது ஆட்டிக்கொண்டே இழுக்க வேண்டும்.

அறிகுறி: வெளி வளையம் மட்டும் வருகிறது, நடு அப்படியே நிற்கிறது

உடனே புல்லரைத் தளர்த்துங்கள். இது எனக்கே நடந்தது. ஒரு பழைய டீசல் வண்டி, அவசரமாகப் போக வேண்டிய வாடிக்கையாளர். விளிம்பில் கால் புல்லரை மாட்டித் திருப்பினேன். நன்றாக வருகிறது என்று மகிழ்ந்த நேரத்தில் பார்த்தால், ரப்பர் பசை பிரிந்து கறுப்பு நாடா மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. புது டாம்பர் என் செலவில் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

அப்படிப் பிரிந்ததை ஒட்டவைத்து ஓட்டக் கூடாது. ஓடும்போது வளையம் கழன்று ரேடியேட்டரைப் பிளந்துவிடும். மாற்றப்போவது உறுதி என்றால் இனி அதன்மேல் இரக்கம் வேண்டாம். வெளி வளையத்தை எடுத்துவிட்டு, நடுக்குழலில் துளையிட்டு மரை வெட்டிப் புல்லர் போடலாம். அதுவும் முடியாவிட்டால் கீ பள்ளத்துக்கு நேர் மேலே குழலை மெல்லிய வட்டால் அறுத்து, கிராங்கைத் தொடும் முன் ஒரு மி.மீ. விட்டு நிறுத்தி, உளி வைத்து ஒரு தட்டு தட்டினால் குழல் பிளந்து பிடியை விட்டுவிடும். பள்ளத்துக்கு மேல் என்று சொன்னதற்குக் காரணம், வட்டு தவறி இறங்கினாலும் வெட்டுவது கீயைத்தான், கிராங்கை இல்லை.

வார்ப்பிரும்புப் புல்லியின் விளிம்பு ஒரு சில்லு உடைந்தாலும் இதே முடிவுதான். எடை ஒரு பக்கம் போய்விட்ட புல்லியைத் திரும்ப மாட்டாதீர்கள்.

அறிகுறி: போல்ட் உள்ளே முறிந்துவிட்டது

பதற வேண்டாம். தலை போனதும் இறுக்கம் போய்விடும், உள்ளே இருக்கும் துண்டு பெரும்பாலும் லூஸாகத்தான் இருக்கும். சரியான நடுவில் பஞ்ச் வைத்து, இடது மரை டிரில்லால் ரிவர்ஸில் துளையிடுங்கள். பாதி ஆழத்தில் துண்டு தானே சுற்றிக்கொண்டு வெளியே வருவது உண்டு. வராவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் (துளைக்குள் கடித்துப் பிடித்து முறிந்த துண்டைத் திருப்பி எடுக்கும் கருவி). ஆனால் எக்ஸ்ட்ராக்டர் கெட்டியாகி வளைவது போலத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. துளை நடுவைவிட்டு விலகிவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, கிராங்க் வேலை தெரிந்த லேத்துக்காரரைக் கூப்பிடுங்கள். கிராங்கின் விலையோடு பார்த்தால் அவர் கேட்பது அதிகமில்லை.

மற்ற புல்லிகள்

பவர் ஸ்டீயரிங் பம்ப் புல்லி பலவற்றில் அழுத்தி ஏற்றியது. முகத்தில் வளையப் பள்ளம் ஒன்று இருக்கும், அதைக் கவ்வும் புல்லர் தனியாக விற்கிறது. சுத்தியலால் அடித்தால் பம்பின் உட்பாகம் கெட்டுவிடும். ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு பக்கம் மட்டும் சுற்றும் வகையாக இருந்தால் நடுவில் மூடி இருக்கும், உள்ளே பல் வெட்டிய குழி. அதற்குரிய பிட் இல்லாமல் தொடாதீர்கள்.

புல்லி வந்துவிட்டது: மாட்டுவதற்கு முன்

கீயைப் பத்திரப்படுத்துங்கள். கிராங்கில் கெட்டியாக உட்கார்ந்து, பக்கம் நேராக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பக்கத்தில் படி விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், விலை அற்பம். கிராங்கின் பள்ளமே அகன்றுவிட்டதா என்று புதுக் கீயை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். ஆடும் கீயோடு இறுக்கிய புல்லி சில மாதத்தில் திரும்ப லூஸாகி டைமிங்கையும் கெடுக்கும்.

நடுக்குழலின் வெளிப்புறத்தில் ஆயில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும். 0.3 மி.மீ.க்கும் குறைவான தடிமனில் இதற்கென்று எஃகு உறை கிடைக்கிறது, அதைப் போர்த்தலாம். கிடைக்காவிட்டால், இடம் இருந்தால், புது சீலை ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் தள்ளி உட்காரவைத்து உதடு புதுத் தடத்தில் உரசும்படி செய்யலாம்.

கிராங்க் முனையை 600 எண் எமெரி தாளால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் தடவி ஏற்றுங்கள். கீ இல்லாத உராய்வு வகைக்கு இந்த எண்ணெய் கூடாது, கையேடு சொல்கிறபடி சுத்தமாக, உலர்வாக. அழுத்தி ஏற்றும் வகையைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். கிராங்க் போல்ட்டின் இரண்டு மரையை மட்டும் மாட்டி இழுக்கவும் வேண்டாம், மரை உரிந்து வந்துவிடும். நீளமான ஸ்டட், நட், தடித்த வாஷர் போட்டு இழுத்து உட்காரவைத்து, அப்புறம் உண்மையான போல்ட்டுக்கு மாறுங்கள். இத்தனை நியூட்டன் மீட்டர், அதற்குமேல் இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட் பெரும்பாலும் ஒருமுறைப் போல்ட்தான். கையேடு புதிது போடச் சொன்னால் புதிதே போடுங்கள். ஏர் கன்னால் இறுக்கிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வேண்டும்.

அறிகுறி: மாட்டிய பிறகு ஆடுகிறது, பெல்ட் கத்துகிறது, டைமிங் குறி பொருந்தவில்லை

ஓடும்போது புல்லி ஆடினால் அநேகமாகக் குழலுக்குப் பின்னால் துருப் பொருக்கோ பிசிறோ சிக்கியிருக்கும். கழற்றித் துடையுங்கள். பெல்ட் கத்தினால் நேர்கோலை கிராங்க் புல்லி முகத்திலும் பக்கத்துப் புல்லி முகத்திலும் வைத்துப் பாருங்கள், முழுதாக உட்காராத புல்லி உடனே காட்டிக்கொடுக்கும்.

டைமிங் குறி பொருந்தவில்லை, ஆனால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்றால் டாம்பரின் வெளி வளையம் ரப்பரில் நழுவியிருக்கலாம். குறி இருப்பது வெளி வளையத்தில், கிராங்கோடு சுற்றுவது நடுக்குழல். இதைச் சோதிக்க நடுக்குழலில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வெள்ளை பெயின்டால் ஒரே நேர்கோடு இழுங்கள். இரண்டு மூன்று நாள் வண்டி ஓடட்டும். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு ரப்பரில் உடைந்து இரண்டு துண்டாக நின்றால் டாம்பரை மாற்றுங்கள். நேராகவே இருந்தால் மட்கார்டை மாட்டிவிடலாம்.